கோல் கீப்பருக்கு ஒரு பாட்டு

எழுபதுகளின் கடைசியில் போர்ட் கிள்ளானில் எங்கள் தொழிலாளர் குவாட்டர்ஸுக்கென்று ஒரு ரேடியோ இருந்தது. அது அரசாங்க ரேடியோ இல்லை, காற்றில் வருவதும் இல்லை. துறைமுகத் தொழிலாளர்களின் கிளப்பில் ஓர் அறை. அதற்குள் ஒரு அம்ப்ளிபயர், இசைத்தட்டு சுழலும் பெட்டி, ஒரு மைக். அங்கிருந்து வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒயர் இழுத்து, வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி ஸ்பீக்கர் மாட்டியிருந்தார்கள். பெட்டியில் ஒரே ஒரு திருகு. சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். சாவு, கல்யாணம், தண்ணீர் நிற்கப்போகிற செய்தி எல்லாம் அதில்தான் வரும். மாலையில் பாட்டு. மலாய்க்காரர்களுக்கு ஒரு நேரம், சீனர்களுக்கு ஒரு நேரம், சனி ஞாயிறுகளில் தமிழுக்கு.

தமிழ் நேரத்தை நடத்திக்கொண்டிருந்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று பந்திங்கில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளப் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நான் கிள்ளானில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

"ஒங்க மக குரலு நல்லா இருக்குண்ணே. போன்ல கேட்டிருக்கேன். சனிக்கிழம வந்து பாட்டு போடட்டுமே" என்றார் செயலாளர்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வயசுப் பொண்ணு. குவாட்டர்ஸே கேக்கும்."

"குரலுதானே வீடு வீடா போவுது. ஆளு கிளப்புலதானே ஒக்காந்திருக்கப் போறா" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

முதல் சில வாரங்கள் அரசாங்க ரேடியோவில் பேசுவதைப் போலவே பேசினேன். 'அன்பார்ந்த நேயர்களே' என்று ஆரம்பித்து, ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி நிதானமாக உச்சரித்தேன். பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, "என்னம்மா, பாட்டு போடுறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டார். அடுத்த வாரமே வீட்டில் பேசுவது மாதிரி பேச ஆரம்பித்தேன். அது எனக்கும் சுலபமாக இருந்தது.

என் ரசனைதான் பிரச்சினையாகிவிட்டது. வேலையில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மனிதக் குரல்களையே கேட்பவள் நான். கெஞ்சுகிற குரல், அதட்டுகிற குரல், யாரோ இறந்துவிட்ட செய்தியைச் சொல்ல அவசரப்படுகிற குரல். மாலையில் இன்னொரு குரல் வந்து அழுதால் எனக்குத் தாங்காது. பாட்டில் எனக்குப் பிடித்தது பாடுகிறவர் மூச்சுவிடுகிற இடம். ஒரு சரணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் அக்கார்டியனும் போங்கோவும் வந்து போகுமே, அந்தச் சின்ன இடைவெளிக்காகவே சில இசைத்தட்டுகளை வாங்கியிருக்கிறேன். விடுமுறை நாளில் பஸ் பிடித்து கோலாலம்பூர் போவேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்காரர், வாங்கினாலும் வாங்காவிட்டாலும், கேட்டதையெல்லாம் போட்டுக் காட்டுவார். "பாட்டு வேணாம்ணே, நடுவுல வர்றத மட்டும் போடுங்க" என்பேன். அவர் ஊசியைத் தூக்கிச் சரியாக அங்கே வைக்கப் பார்ப்பார். பல தடவை தவறிவிடும்.

கிளப்பிலும் அதையே செய்தேன். ஓர் இடையிசை மிகவும் பிடித்துவிட்டால் ஊசியைத் தூக்கி மறுபடி அங்கேயே வைப்பேன். பாட்டு நின்று திரும்பி ஓடுவதைக் கேட்டு, ரெக்கார்டு கீறிவிட்டது என்று சிலர் கிளப்புக்குச் சொல்லி அனுப்பினார்கள். மலாய் கெரோஞ்சோங் இசையும் எனக்கு உயிர். அந்தச் சின்ன நரம்பு வாத்தியங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுவதைக் கேட்டால் நாள் முழுதும் இருந்த அலுப்பு போய்விடும். தமிழ் நேரத்தில் அதையும் ஒன்று சேர்ப்பேன். எதிர் வரிசையில் நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் மலாய்க்கார அம்மா அதற்காகவே ஒரு தட்டு வாழைப்பழப் பலகாரம் கொடுத்தனுப்பினார். எங்கள் ஆட்களில் ஒரு அங்கிள் மட்டும் கிளப் வாசலில் நின்று, "தமிழுக்கு இருக்கறதே ரெண்டு நாளு. அதுலயும் மலாய்ப் பாட்டா?" என்று கத்தினார். செயலாளர் என்னைப் பார்த்தார். "ஒன்னே ஒன்னுதான் அங்கிள்" என்று வாசலில் நின்றவரிடம் சொன்னேன். விட்டுவிட்டார்.

பெண்கள் கேட்டதெல்லாம் சோகப் பாட்டு. குழந்தை இறந்த பாட்டு, கணவன் கைவிட்ட பாட்டு. கேட்டால் போட்டுத்தான் ஆகவேண்டும். அந்த நேரத்தில் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றுகொள்வேன்.

வராந்தாவிலிருந்து திடல் தெரியும். பாட்டுக்கு அடுத்து எனக்குப் பைத்தியம் என்றால் காற்பந்துதான். எங்கள் குவாட்டர்ஸ் குழுவுக்கு என் அண்ணன்தான் கோல் கீப்பர். கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுவார். நல்ல உயரம். பந்து மேலே வந்தால் பறித்துக்கொள்வார், தரையோடு வந்தால் கொஞ்சம் தடுமாறுவார். இது எனக்கும் தெரியும், எதிரணிகளுக்கும் தெரியும். வீட்டில் அவரும் நானும் பந்தைப் பற்றித்தான் சண்டை போடுவோம். எந்தக் குழு வெல்லும், நடுவர் சொன்னது சரியா என்று சாப்பாட்டை ஆறவைத்துப் பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வருடம் துறைமுக வட்டாரக் குழுக்களுக்கு நடந்த போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆட்டம் எங்கள் திடலில். பெரிய ஆட்டம் என்றால் மைக் ஒயரைச் சன்னல் வழியாகக் கோட்டோரம் வரை இழுத்து, ஒரு மலாய்க்காரக் கிளார்க் வர்ணனை செய்வார். வீட்டில் இருப்பவர்கள் பெட்டியில் கேட்பார்கள். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேச வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் சொல்றேன் அங்கிள்" என்றேன்.

"ஒனக்கு பந்து பத்தி என்னம்மா தெரியும்?"

"ஆப்சைட்னா என்னன்னு கேளுங்க, சொல்றேன்."

அவர் கேட்கவில்லை. அவருக்கே அது சரியாகத் தெரியாது என்று பின்னால் அண்ணன் சொன்னார். மலாய்க்காரக் கிளார்க் சிரித்துக்கொண்டே மைக்கை என் கையில் கொடுத்தார்.

தமிழும் மலாயும் கலந்து சொன்னேன். தமிழில் காற்பந்து வர்ணனையை அதுவரை நான் கேட்டதே இல்லை. அதனால் கண்ணில் பட்டதை அப்படியே சொன்னேன். "நம்ம பையன் பந்த கால்லயே ஒட்டி வச்சிக்கிட்டு போறான். ரெண்டு பேரு குறுக்க வர்றாங்க. ஒருத்தன ஏமாத்திட்டான். போ, போ, இன்னொருத்தன்கிட்ட மாட்டிக்கிட்டான். பந்து வெளிய." கோட்டோரம் நின்ற ஆண்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் எனக்குத் தகவல் சொல்ல ஆரம்பித்தார்கள். "அவன் பேரு தெரியலன்னா செவப்பு பூட்ஸுன்னு சொல்லு லா!"

ஆட்டம் முடியப்போகும் சமயம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து பந்தைத் தட்டிவிட்டான். அதை உதை என்றே சொல்ல முடியாது. பந்து தரையோடு உருண்டு வந்தது.

"பந்து மெதுவாத்தான் வருது. அண்ணன் குனியிறாரு. பிடிச்சிருவாரு. பிடிக்கிறாரு... ஐயோ, காலு ரெண்டுக்கும் நடுவுல பூந்துருச்சி! கோல்! எங்க வீட்டு ஆளுதான், என்னத்த சொல்றது. விட்டுட்டாரு!"

அந்த ஒரு கோலில் தோற்றோம்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் குவாட்டர்ஸ் முழுக்க அது பரவியிருந்தது. ஆட்டத்தைப் பார்த்தவர்களைவிட கேட்டவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். அண்ணன் சைக்கிளில் போனால் பிள்ளைகள் பின்னாலேயே ஓடி, "நடுவுல பூந்துருச்சி!" என்று கத்தினார்கள். கிடங்கிலும் அதே பேச்சு. மலாய்க்கார நண்பர்கள்கூட அந்த இரண்டு தமிழ் வார்த்தைகளைப் பழகிக்கொண்டார்கள்.

அன்று மாலை கூடத்தில் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார். "மழையில வழுக்கிருச்சின்னு சொல்லியிருக்கக்கூடாதா?"

"மழையே பேயலயே."

"எவனோ இடிச்சிட்டான்னு சொல்லலாம்ல?"

"பக்கத்துல யாருமே இல்லண்ணே."

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "அவ சொன்னது பொய்யா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது குழம்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லுவார், அம்மா என்னிடம் சொல்லுவார். சனிக்கிழமை என் குரல் பெட்டியில் வந்தவுடன் எழுந்து போய்த் திருகைக் கடைசி வரை குறைத்துவிடுவாராம்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா அதுவரை ஒரு தடவைகூட அண்ணன் ஆடிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டிக்குக் கீழேயே நின்று முழுதும் கேட்டிருக்கிறார். அவருக்கு நான் எதைச் சொல்வது? கண் முன்னால் நடந்ததைத்தான்.

இப்படியே சில வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கடைசி வரிசையில் குடியிருந்த பெண் ஒருத்தி அறை வாசலில் வந்து நின்றாள். கையுறை செய்யும் பேக்டரியில் வேலை பார்ப்பவள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கையில் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"அக்கா, பேரு சொல்லாம ஒரு பாட்டு போட முடியுமா?"

"யாருக்கு?"

அவள் திடல் பக்கம் பார்த்தாள். "அன்னிக்குத் தோத்தாரே. கோல் கீப்பருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "சிரிச்சியா நீ, அன்னிக்கு?"

"சிரிச்சேன் கா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பாவமா போச்சு. அவரு ரோட்டுல தலைய குனிஞ்சிக்கிட்டே போறாரு."

"சரி, என்ன பாட்டு?"

அவள் கேட்டது இருக்கிற சோகப் பாட்டுகளிலேயே பெரிய சோகப் பாட்டு. முதல் அடியிலிருந்தே அழுகை.

"இதப் போட்டா அவரு இன்னும்ல அழுவாரு? நல்லா தாளம் போட்டு ஆடுற மாதிரி ஒன்னு போடட்டா?"

"வேணாங்கா. இதுதான் எனக்குப் புடிக்கும்."

கேட்டவள் அவள். நான் மைக்கைத் திறந்தேன். "நம்ம குவாட்டர்ஸ் கோல் கீப்பருக்கு ஒருத்தவங்க இந்தப் பாட்டக் கேட்டிருக்காங்க. பேரு சொல்ல வேணாம்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லி ஊசியை வைத்தேன். நானும் வராந்தாவுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். அவளோடு முழுப் பாட்டையும் கேட்டேன் என்பதுதான் விசேஷம். பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்காது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அண்ணன் எங்கள் வீட்டுப் பெட்டியின் சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருந்தார். ஆனால் இடது பக்க வீட்டிலும் வலது பக்க வீட்டிலும் பெட்டிகள் அலறிக்கொண்டிருந்தனவே. பாட்டு முடிந்த கொஞ்ச நேரத்தில் சைக்கிளைக் கிளப் சுவரில் சாய்க்கக்கூட நிற்காமல் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"யாரு கேட்டது?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"பேரு சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் ஒன் அண்ணன்லா!"

"அன்னிக்கும் நீ என் அண்ணன்தான். உள்ளதத்தானே சொன்னேன். இன்னிக்கும் குடுத்த வார்த்தைய மாத்த மாட்டேன்."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பொம்பளையா, ஆம்பளையா, அதயாவது சொல்லு" என்றார். நான் அடுத்த ரெக்கார்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் ஞாயிறு, நான் கிளப்புக்குப் போனபோது எனக்கு முன்னாலேயே அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். சீவிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. ரெக்கார்டுகளை அடுக்கித் தருகிறேன் என்றார். அந்தப் பெண் வந்தாள். வாசல் வரைக்கும் வந்து அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன வேணும்?" என்று அண்ணன் கேட்டார்.

"ஒன்னும் இல்ல. தண்ணி எப்ப வரும்னு கேக்க வந்தேன்."

"தண்ணி நிக்கவே இல்லியே."

அவள் திரும்பி நடந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் எழுந்து அவள் பின்னால் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று தமிழ் நேரத்தை நான் ஒழுங்காக நடத்தவில்லை, பாதி நேரம் சன்னலில் நின்றேன்.

இரண்டு வீட்டிலும் பெரிதாக எதிர்ப்பு வரவில்லை. அடுத்த வருடம் கிளப் மண்டபத்திலேயே கல்யாணம் நடந்தது. அடுத்த போட்டிக்கும் என்னைத்தான் வர்ணனைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணன் தரைப்பந்தைப் பிடிக்கத் தனியாகப் பயிற்சி செய்துவிட்டு வந்திருந்தார். நன்றாகவே ஆடினார். அதையும் சொன்னேன்.

எண்பதுகளில் வீட்டுக்கு வீடு கேசட் பெட்டியும் டிவியும் வந்தன. பெட்டி ஸ்பீக்கரைக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். ஒயர் அறுந்த வீடுகளில் அதை மறுபடி யாரும் கட்டவில்லை. நான் வேலை மாற்றலாகி கோலாலம்பூருக்குப் போய், பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். தமிழ் நேரம் ஒரு நாள் நின்றுபோனது. நின்ற நாள் எது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆட்டத்துக்கு அண்ணனும் அண்ணியும் டிக்கெட் வாங்கி வந்து என்னையும் அழைத்துப்போனார்கள். ஸ்டேடியம் நிரம்பிவிட்டது. நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கி கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முன் வரிசையிலிருந்த ஒரு பையன் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்கக்கா. நாங்களும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், "நீ சொல்லும்மா. எனக்கு அந்தப் பக்கம் கண்ணு எட்டல" என்றார். அண்ணி என் கையை அமுக்கினார். பந்து அந்தக் கோடிக்குப் போயிருந்தது. நான் பெரியவர் பக்கம் சாய்ந்து, யாரிடம் பந்து இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.