வயசுப் பையன் என்ற ஃபைல்

எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற கம்ப்யூட்டரைத் திறக்கும்போது நான் மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொள்வேன். உள்ளே இருப்பது வெறும் தூசி இல்லை. நிலக்கரிச் சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்து கறுப்பு மாவாக அப்பிக்கிடக்கும். ஸ்குரு துருப்பிடித்துத் திருகவே வராது. வண்ணாரப்பேட்டையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு அந்த மாவைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மெஷினே இவ்வளவை இழுத்திருக்கிறது என்றால், அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர் நெஞ்சுக்குள் எவ்வளவு போயிருக்கும்? மெஷினையாவது சர்வீஸுக்குக் கொண்டுவருகிறார்கள்.

திருவொற்றியூரில் போஸ்டர், பேனர் அடிக்கிற கடைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் அந்த வட்டாரத்துக்கே அவர்தான். சாவு விழுந்த வீட்டிலிருந்து யாராவது ஒரு போட்டோவோடு ஓடிவருவார்கள். பிணம் எடுப்பதற்குள் தெரு முழுக்க அந்த முகம் ஒட்டியாக வேண்டும். அதையெல்லாம் அவர் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டரில் செய்துகொண்டிருந்தார். நான் போனபோது அதன் ஹார்ட் டிஸ்க் டொக், டொக் என்று தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் மெஷினுக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம்.

"வேற வாங்கிட்டேம்மா," என்று ஒரு புது லேப்டாப்பைக் காட்டினார். "ஆனா இன்னா பிரயோஜனம்? என் சாஃப்ட்வேர் அதுல ஏற மாட்டேங்குது. ஃபைல தொறந்தா தமிழ் எழுத்தெல்லாம் கரப்பான்பூச்சி ஓடுனாப்புல கீது."

அவருடைய தமிழ் ஃபான்ட் அந்தக் காலத்தது. புதுக் கம்ப்யூட்டருக்கு அது புரியாது. நான் சொன்னேன்: "அண்ணா, பழைய சிஸ்டத்தை அப்படியே மொத்தமா ஒரு ஃபைலாக்கி, இந்த லேப்டாப்புக்குள்ள ஒரு ஜன்னல்ல ஓட வெச்சிடலாம். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. அது இன்னும் இந்தப் பழைய டப்பாக்குள்ளதான் கீறோம்னு நெனச்சிக்கினு ஓடும்."

"மெய்யாலுமா? அப்ப தான் செத்துப்போனதே அதுக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசல் படியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளைப் பார்த்தேன். காத்திவாக்கத்துக்காரி. கழிமுகச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். விரல் நகமெல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. சில வருஷங்களுக்கு முன் அவளுடைய மகன் பைக்கில் போனபோது கன்டெய்னர் லாரி அடித்துச் செத்துப்போனான். பதினேழு வயசு. அவனுக்கு போஸ்டர் அடித்தது இந்தக் கடைதான்.

அவளுக்கு அவன் படம் வேண்டும். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் செத்தவர்களுக்குத் துணி வைத்துப் படையல் போட வேண்டும். அண்ணன் படத்துக்கு மாலை போடாமல் தாலி ஏறாது என்று மகளும் பிடிவாதமாக இருந்தாளாம். ஆனால் அவனுடைய ஒரு படம்கூட வீட்டில் இல்லை. கடைக்குக் கொடுத்த போட்டோ, வெள்ளத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது போய்விட்டது. அவன் போன் விபத்திலேயே நொறுங்கிவிட்டது. ஆதார் கார்டில் இருந்தது ஐந்து வயசு முகம். செத்தன்றைக்கு அடித்த ஃப்ளெக்ஸ் பேனரை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி, மழை ஒழுகாமலிருக்கக் கூரைக்கு மேல் விரித்துவிட்டார்கள். வெயில் இரண்டு கோடையில் முகத்தை வெள்ளையாக்கிவிட்டது.

"மெஷினு சரியாவட்டும், உம்புள்ள உள்ளதான் கீறான்னு சொன்னாரு," என்றாள் அவள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து எடும்மா."

டிஸ்க்கைக் கழற்றி, துப்பட்டாவில் சுற்றி, மடியில் வைத்தபடியே மெட்ரோவில் கொண்டுவந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னம்மா அது என்று கேட்டதற்கு, முறைத்தேன்.

கடையில் அதை என் கம்ப்யூட்டரோடு இணைத்து நகல் எடுக்கவிட்டேன். சும்மா ஃபைல்களை மட்டும் இழுப்பது இல்லை இது. டிஸ்க்கில் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிவரை, எழுதின இடம், எழுதாத இடம் எல்லாவற்றையும் வழித்து எடுப்பது. கெட்டுப்போன இடம் வரும்போதெல்லாம் அப்படியே நின்றுவிடும். டொக், டொக். நான் அதைக் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு கட்டத்தில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன். மற்ற நாட்களில் டிஸ்க் செத்தால், பேக்கப் வைக்கத் தெரியாதா என்று வந்தவரைத் திட்டி அனுப்புகிறவள் நான். இன்றைக்குப் போனால் யாரைத் திட்டுவது?

போகவில்லை. நகல் முடிந்தது. கையோடு கொண்டுவந்திருந்த கடைக்காரரின் லேப்டாப்பில் அதை விர்ச்சுவல் மெஷினாகப் போட்டதும் நீலத் திரை வந்து நின்றது. பழைய சிஸ்டத்துக்குப் புது மாதிரி டிஸ்க்கை அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பழக்கமான பழைய மாதிரி டிஸ்க் என்று செட்டிங்கை மாற்றி ஏமாற்றினேன். ஏமாந்தது. லேப்டாப்புக்குள் ஒரு சின்ன ஜன்னலில் அந்தக் கடையின் கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. நான் தனியாக இருந்தும் கைதட்டினேன்.

மறுநாள் திருவொற்றியூர்க் கடையில் மூன்று பேரும் திரையைச் சுற்றி உட்கார்ந்தோம். கடைக்காரர் பயபக்தியோடு மவுஸைப் பிடித்தார். அஞ்சலி என்ற ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே இருந்தவை நாலே நாலு ஃபைல்கள்: பெரியவர், பாட்டிம்மா, அம்மா, வயசுப் பையன்.

"வயசுப் பையன்தான் ஜாஸ்தி ஓடும் நம்ம பக்கம்," என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்தார்.

மாலைக்கு நடுவில் ஒரு பையன் சிரித்தான். அந்தப் பெண் முன்னால் குனிந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இவன் யாரு?"

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் ஆளுக்கொரு ஃபைல் போட்டதே இல்லை. ஒரு சாவு வந்தால், போன சாவின் ஃபைலைத் திறந்து, பெயரை மாற்றி, முகத்தை மாற்றி, அதன்மேலேயே சேவ் செய்துவிடுவார். ஸ்கேன் செய்த போட்டோவுக்கும் எப்போதும் ஒரே பெயர்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நான் சட்டியை மாற்றிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"அறிவு கீதா அண்ணா உங்களுக்கு? அந்தம்மா கிட்ட உள்ள கீறான்னு சொன்னீங்களே!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதம்மா. செத்தவங்க படத்த நம்ம கையால அழிச்சா பாவம். கடையில வெச்சிக்கினா கட வெளங்காது. அதான் இன்னொருத்தருக்கு எடம் குட்த்துடறது. சுடுகாட்டுல இன்னா பண்றாங்க? அதே குழியதானே திரும்பத் தோண்றாங்க?" குரல் கம்மியது. "கம்ப்யூட்டராச்சே, எங்கனா வெச்சிருக்கும்னு நெனச்சேன்."

அவர் நினைத்ததில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒன்றை மாற்றி இன்னொன்றை சேவ் செய்தாலும், பழையதின் துண்டு துணுக்குகள் டிஸ்க்கின் காலி இடத்தில் கிடக்கும், வேறு ஏதாவது வந்து மூடும்வரை. காலி இடத்தையும் சேர்த்துத்தான் நான் வழித்து எடுத்திருந்தேன். "இருங்கக்கா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அதற்கான புரோகிராமை ஓடவிட்டேன். அவள் நகராமல் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் வாங்கிவந்த சோடாவைத் தொடவில்லை.

மதியத்துக்கு மேல் படங்கள் வந்தன. பெரும்பாலும் கிழவர்கள், கிழவிகள். பையன்களில் தேறியது மூன்று பேர்தான். மூன்றுமே அரைகுறை. தலைமுடி, நெற்றி, கண் வரைக்கும் சுத்தமாக இருந்தது. மூக்கிலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவள் முதலாவதைத் தொட்டு, "இதான், எம்புள்ள," என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே அவள் விரல் மூன்றாவதற்குப் போனது. "இல்ல, இது." திரும்ப முதலாவதற்கு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"வாய் தெரிஞ்சா சொல்லிடுவேம்மா. பல்லு எத்திக்கினு இருக்கும் அவனுக்கு."

"வராதுக்கா. அவ்ளோதான் கீது."

"பெருசு பண்ணு."

பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்க எல்லாப் பையன்களும் ஒரே மாதிரி ஆனார்கள். கடைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் ஓடிவிட வேண்டும்போல இருந்தது.

"பெத்தவ நானு, எனக்கே தெரியலையேம்மா," என்றாள். என்னைப் பார்த்து, நான் சொன்னால் ஒப்புக்கொள்வேன் என்பதுபோல, "நீ சொல்லு, எது?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? உயிரோடு இருந்த அவனை நான் பார்த்ததே இல்லை. ஏதாவது ஒன்றைக் காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஃப்ரேம் போட்டு மாலை போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? "எனக்குத் தெரியாதுக்கா," என்றேன்.

"மூடிடும்மா," என்றாள். மூடினேன். புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். படியிறங்கப் போனவள் கண்களை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இத்தினி நாளும் கண்ண மூடுனா எம்புள்ள வருவாம்மா. இப்ப இவனுங்க மூணு பேரும் வந்து நிக்கிறானுங்க."