பாரிஸில் மூன்று நாள், இல்லாத மனைவியோடு

தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜெர்மனியில் நான் இருக்கும் பகுதிக்கு விடுமுறை. சனி ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள். வேலை நிமித்தம் ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தீபாவளியன்று மதியம் அலுவலக கேன்டீனில் உருளைக்கிழங்கு மசியலைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தபோது, கடைசியாக ஒருவர் முகத்தைப் பார்த்துத் தமிழ் பேசியது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கே வரவில்லை. போனில் அம்மாவிடம் பேசுவது சேராது. அது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். எனக்கு வயது நாற்பத்து நாலு, ஊர் கும்பகோணம், விவாகரத்தாகி நான்கு வருடம். எதிரில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்றுதான் பாரிஸுக்கு டிக்கெட் போட்டேன். ஐஃபில் கோபுரமெல்லாம் அப்புறம்தான்.

ரயில் காலை 6.54-க்குக் கிளம்பி 10.05-க்கு பாரிஸின் கார் து லெஸ்ட் நிலையத்தை அடைந்தது. முந்தின நாள் டிக்கெட் போட்டதால் ஒரு வழிக்கு 119 யூரோ. ஒரு மாதம் முன்பே போட்டால் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். என்னைப் போல திடீர் வேகத்தில் டிக்கெட் போடாதீர்கள். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ பக்கம் அறை, இரவுக்கு 82 யூரோ. கட்டிலில் ஏறினால்தான் கதவைச் சாத்தலாம். நிலையத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர், நடந்தே போய்விட்டேன்.

அன்று மதியம் ஊர் பார்த்தேன். மெட்ரோ ஒரு தடவைக்கு 2.15 யூரோ (இப்போது கூடியிருக்கலாம்). சென் நதியில் ஒரு மணி நேரப் படகு, 17 யூரோ. நோத்ரு தாம் தேவாலயத்தை வெளியிலிருந்து பார்த்தேன், ஐஃபில் கோபுரத்தையும் பார்த்தேன். எல்லாம் அழகுதான். படகில் எல்லோரும் ஜோடி ஜோடியாக இருந்தார்கள். என் பக்கத்து இருக்கையில் என் பை உட்கார்ந்திருந்தது. போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆறு மணிக்கெல்லாம் அறைக்கு வந்து படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதிக்கு நடந்தேன். அறையிலிருந்து பத்து நிமிடம். புடவைக் கடை, நகைக்கடை, முருங்கைக்காய், இறால், எல்லாப் பலகையிலும் தமிழ். காதில் விழுந்ததும் தமிழ்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். மளிகைக் கடையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன், கல்லாவில் இருந்த அம்மா என்னைப் பார்த்ததுமே சிரித்தார்.

"நீங்கள் எவடம், தம்பி?"

"கும்பகோணம்மா."

"ஓ, இந்தியாவோ. மூண்டு அறுபது."

அவ்வளவுதான். அடுத்த கடையிலும் இதே கதை. கொஞ்ச நேரம் நின்று கவனித்ததில் விஷயம் புரிந்தது. இங்கே யாழ்ப்பாணத்து மக்கள்தான் அதிகம். 'எவடம்', அதாவது எந்த ஊர், என்பதுதான் முதல் கேள்வி. ஊரைச் சொன்னால் அடுத்தது யார் வீட்டுப் பிள்ளை என்பது. மூன்றாவது கேள்வியில் எப்படியாவது ஒரு சொந்தமோ ஒரே பள்ளிக்கூடமோ அகப்பட்டுவிடும். பிறகு பேச்சு ஓடும். என் விஷயத்தில் முதல் கேள்வியிலேயே நூல் அறுந்துபோனது. யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. சண்டை போடக்கூட ஒரு காரணம் இல்லாததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கடைக் கண்ணாடிகளில் மரண அறிவித்தல்கள் ஒட்டியிருக்கிறார்கள். வேறு வேலை இல்லாததால் ஒவ்வொன்றாகப் படித்தேன். 'அனலைதீவைப் பிறப்பிடமாகவும், பிரான்ஸை வதிவிடமாகவும் கொண்ட' என்று ஒருவருக்குத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பக்கம் ஏதோ சின்னத் தீவு போலிருக்கிறது, இங்கே யாருக்கு அந்த ஊர் தெரியப்போகிறது என்று நினைத்தேன். அங்கேதான் புத்தி கெட்டது. சின்ன ஊர்க்காரர்கள்தான் ஒருவரையொருவர் விரல்விட்டு எண்ணி வைத்திருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மதியம் 2.40-க்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தேன். கூட்டம் வடிந்திருந்தது. இடியப்பம், சொதி, மீன் குழம்பு, ஒன்பது யூரோ. கொண்டுவந்து வைத்தவர் கேட்டார்.

"அண்ணை எவடம்?"

"நான் இந்தியா. என் வீட்டுக்காரம்மா அனலைதீவு" என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் முகம் மலர்ந்தது. "மனிசி அனலைதீவோ! அங்கை போனனீங்களே?"

"போன வருஷம் போயிருந்தோம்."

"பொறுங்கோ, பொறுங்கோ. எங்கடை குசினியிலை ஒரு அக்கா அனலைதீவுதான்."

நான் தடுப்பதற்குள் அவர் சமையலறைக்குள் போய்விட்டார். கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். என் எதிரில் உட்கார்ந்தார். ஆம், எதிரில். ஐந்து மாதமாக நான் ஏங்கியது அதற்குத்தான்.

மனைவி யாருடைய மகள் என்று கேட்பார், திருதிருவென்று முழிக்கப்போகிறேன் என்று பயந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இரட்டைப் பின்னல், வெள்ளைச் சீருடை, பதின்மூன்று வயதுப் பெண்.

"என்ரை மகள். பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட நீலக் கேற் போட்ட வீடு. என்ரை தங்கச்சியோடை இருக்கிறாள். அந்த வழியாலை போகேக்கை கண்டிருப்பியள்."

"நீங்க எப்ப வந்தீங்க?"

"ஆறு வருசம். இங்கை இருக்கிறதுக்கான கார்த் இன்னும் தரேல்லை அண்ணை, அது இல்லாமல் போனால் திரும்பி வரேலாது." பிறகு குரலைத் தணித்தார். "போனிலை என்னோடை கதைக்கவே மாட்டாள். ஓம், இல்லை, சரி, அவ்வளவுதான். உடனை சித்தியிட்டை போனைக் குடுத்திடுவாள். தங்கச்சி சொல்லுறாள், பிள்ளை சந்தோசமாத்தான் இருக்குது எண்டு. அவள் என்னைத் தேத்துறதுக்கு அப்பிடிச் சொல்லுவாள்தானே. நீங்கள் வெளி ஆள், நேரை கண்டிருப்பியள். பிள்ளை வெளியிலை ஆக்களோடை சிரிச்சுக் கதைக்கிறவளே?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் ஒரு தாயிடம் அவள் பிள்ளையைப் பற்றிப் பொய் சொல்லலாமா என்று திடீரென்று எனக்குள் ஒரு யோக்கியன் எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

"மன்னிச்சிடுங்க. நான் அந்த ஊருக்குப் போனதே இல்லை. எனக்கு மனைவியும் இல்லை."

"அப்ப ஏன் அண்ணை சொன்னனீங்கள்?"

"யாரும் பேச மாட்டேங்கறாங்க. ரெண்டு வார்த்தை பேசலாமேன்னுதான்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போனை அணைத்துப் பைக்குள் வைத்தார். என் தட்டில் சொதி தீர்ந்திருப்பதைப் பார்த்து, பரிமாறுகிறவரை அழைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிறகு எழுந்தார்.

"உங்களுக்காண்டி இவ்வளவு பொய் சொன்னனீங்கள். எனக்காண்டி ஒண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை."

அவர் உள்ளே போய்விட்டார். நான் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன். வைத்துவிட்டு எழுந்தால் அது இன்னும் அவமரியாதை என்று தோன்றியது. உண்மையைச் சொன்னதில் துளியும் நிம்மதி கிடைக்கவில்லை. ஞாயிறு முழுக்க அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றிவிட்டு, மாலை ரயிலில் திரும்பினேன்.

லா ஷப்பேல் போக நினைப்பவர்களுக்கு: மெட்ரோ இரண்டாம் எண் தடத்தில் லா ஷப்பேல் நிறுத்தத்தில் இறங்கலாம், கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். சனிக்கிழமை பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டுக் கடைகளில் இடம் கிடைக்காது, இரண்டரைக்கு மேல் போங்கள். பத்து யூரோவுக்குள் வயிறு நிறையும். எவடம் என்று கேட்டால் சொந்த ஊரைச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும், நிற்கட்டும். தனியாகச் சாப்பிட்டால் யாரும் செத்துப்போவதில்லை, எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தப் பிள்ளை நாலு பேரோடு சிரித்துப் பேசுகிறவளா என்பதுதான் எனக்குத் தெரியாது. சிரிக்கிறவளாக இருக்கட்டும்.