காய்ச்சல் இல்லாத கொட்டாஞ்சேனை

கெம்பஸ் படிப்பை முடித்துவிட்டு வெள்ளவத்தையில் வாடகை அனெக்ஸ் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த எனக்கு, யுத்தம் மறுபடி மும்முரமாகத் தொடங்கிய காலத்தில் ஒரு வேலை கிடைத்தது. எதிர்க்கட்சிப் பின்வரிசையில் இருந்த ஒரு தமிழ் உறுப்பினருக்கு நாடாளுமன்றக் கேள்விகள் டைப் அடிக்கும் வேலை. அவர் பழைய அப்புக்காத்து, கோர்ட்டில் வழக்குப் பேசியவர். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நான் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டுவேன். என் ஸ்பீட்டுக்கு அந்தப் பழைய கீபோர்ட் கதறும்.

கேள்விக்கு என்று ஒரு அச்சு இருக்கிறது. (அ) இன்னது நடப்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) ஆமெனில், என்ன நடவடிக்கை எடுத்தார் என்பதை இச்சபைக்குத் தெரிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்? இந்த மூன்றுக்குள் நாட்டில் உள்ள எல்லாவற்றையும் அடக்கலாம். மூடிய பாதை, வராத மருந்து, காணாமற்போன பிள்ளை, எதுவானாலும். பதிலுக்கும் அச்சு உண்டு. (அ) இல்லை. (ஆ) எழாது. (இ) எழாது. முதல் கேள்விக்கு இல்லை என்றுவிட்டால் மற்ற இரண்டும் எழத் தேவையில்லையாம். வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே பதில் வருமுன் அதை நானே டைப் அடித்துவிடலாம் போல ஆகிவிட்டது. உறுப்பினர் ஐயாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"பதிலுக்காகக் கேக்கிறேல்லைப் பிள்ளை. கேட்டனாங்கள் எண்டு சபைப் பதிவிலை, ஹன்சாட்டிலை கிடக்கட்டும்."

அந்த வருடம்தான் சிக்குன்குனியா வந்தது. ஆபிரிக்கப் பக்கம் கிளம்பி, தீவு தீவாகத் தாவி, இந்தியாவை ஒரு சுற்றுச் சுற்றி எங்களிடம் வந்து சேர்ந்த கொள்ளைநோய். கொழும்பு முழுக்க ஆட்கள் வளைந்து வளைந்து நடந்தார்கள். பஸ்ஸில் ஏற முடியாமல் படியில் நிற்கிறவர், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கிறவர், பேனை பிடிக்க முடியாமல் வங்கியில் நிற்கிறவர். ஐயாவின் விரல்களும் வீங்கின. கையெழுத்து இன்னும் மோசமானது. சாகமாட்டோம், ஆனால் வாழவும் விடாது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் பிழையாகிப் போனது.

அம்மாவின் தங்கச்சி, என் சித்தி, அப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தார். வடக்குப் பாதை மூடிய பிறகு கப்பலில் வந்தவர். கனடாவில் இருக்கும் மகளிடம் போவதற்குத் தூதரகத்தின் கடிதத்துக்காகக் காத்திருந்தார். எங்கள் வீட்டில் தங்க வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொழும்பில் தங்கும் தமிழர் பொலிசில் பெயர் பதியவேண்டிய காலம் அது. எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், பதிந்த எங்கள் இரண்டு பேரைத் தவிர மூன்றாவது தலை இரவில் தெரியக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பொலிஸ் ரவுண்டப் என்று வீடு வீடாகத் தேடி வந்தால் முதலில் எழுப்புவது அவரைத்தான்.

லொட்ஜ் மூன்றாம் மாடியில். பலகை அடித்துப் பிரித்த அறைகள். தண்ணீர் காலையில் மட்டும் வரும். அதனால் அறைகளுக்கு நடுவே நடந்துபோகும் ஓடை முழுக்கத் தண்ணீர்ப் பீப்பாய்கள், மூடியில்லாமல். சித்தி தங்குவதற்குப் பொலிஸ் கொடுத்த தவணை முடிந்துவிட்டது. கடிதம் வரவில்லை. திரும்பப் பதியப் போனால், ஏன் இன்னும் இங்கே என்று கேட்பார்கள். அதனால் அவர் பதியவில்லை. அங்கே பாதிப் பேர் அப்படித்தான்.

சித்திக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் போனேன். முழங்கால் இரண்டும் வீங்கிக் கட்டிலோடு கிடந்தார். பக்கத்து அறையிலும் அதே கதை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றதும் லொட்ஜ் மனேஜர் வாசலில் வந்து நின்றார். மலையகத்து ஆள், மரியாதையானவர்.

"கூட்டிட்டுப் போங்க தங்கச்சி, நான் வேணாங்கல. ஆனா எங்கருந்து வாறீங்கன்னு கேப்பாங்க. இந்த எட்ரஸ் மட்டும் வாயில வரக்கூடாது."

"ஏன், காய்ச்சலையும் பொலிசிலை பதியவேணுமோ?"

"பதிஞ்ச மாதிரித்தான். காய்ச்சல்னு எழுதினா பி.எச்.ஐ. வருவாரு, பீப்பாயில கொசுப்புழு இருக்கான்னு பாக்க. இந்த ஏரியாவுக்கு அவரு தனியா வரமாட்டாரு."

சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பின்னால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் தலை எண்ணும். ஆகவே அந்தக் கட்டடத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. அதை ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. தானாகவே எல்லோரும் அப்படி நடந்துகொண்டார்கள். கை நடுங்க நடுங்கச் சமைத்தார்கள். சித்தியும் பார்மசியில் மூட்டு நோவுக்கு ஏதோ குளிசை எடுப்பித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சாகவே போறன்? முழங்கால்தானே. நீ போய் உன்ரை மந்திரியைக் கேள்வி கேள்" என்றார்.

கேட்டேன். அதாவது டைப் அடித்தேன். கொட்டாஞ்சேனையில் காய்ச்சல் பரவியிருப்பதைச் சுகாதார அமைச்சர் அறிவாரா, அங்கே புகையடிக்கவும் மருத்துவ முகாம் வைக்கவும் நடவடிக்கை எடுத்தாரா, இன்றேல் ஏன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக ஒன்றும் அடித்ததில்லை. ஐயா படித்துவிட்டு லொட்ஜ் இருக்கும் தெருவின் பெயரை மட்டும் வெட்டினார். பிறகு அமைச்சு கால அவகாசம் கேட்டது. கொடுத்தார்கள். மறுபடி கேட்டது. மறுபடியும் கொடுத்தார்கள். இதற்கிடையில் சித்திக்குக் காய்ச்சல் விட்டு, பிறகு திரும்பி வந்தது.

பதில் வந்த நாள் நான் பார்வையாளர் மாடத்தில் இருந்தேன். அதற்குள் போவதற்கு எத்தனை இடத்தில் என்னைத் தடவிப் பார்த்தார்கள் என்பது தனிக்கதை. அமைச்சர் எழுந்து சிங்களத்தில் வாசித்தார். அந்தப் பகுதியிலிருந்து நோயாளர் எவரும் அறிக்கையிடப்படவில்லை. மற்றவை எழாது.

ஐயா துணைக் கேள்விக்கு எழுந்தார். நகரம் முழுக்கக் காய்ச்சல் இருக்கிறதே, அந்த ஒரு பகுதியில் மட்டும் நுளம்பு கடிக்கக்கூடாது என்று தடை போட்டீர்களா என்று கேட்டார். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அமைச்சரும் சிரித்தார். பிறகு மிகவும் பண்பாக, கௌரவ உறுப்பினருக்கு அப்படி ஒரு நோயாளியைத் தெரிந்திருந்தால் விலாசத்தை இப்போதே சபையில் சொல்லட்டும், நாளைக்கே ஆள் அனுப்புகிறேன் என்றார்.

உறுப்பினருக்கு அந்த விலாசம் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். மேலே இருந்து அவருடைய முதுகை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போனார். அது ஏதோ பாலம் பற்றியது.

வெளியே வந்ததும் ஐயாவை நான் விடவில்லை. வாய்க்கு வந்தபடி கேட்டேன். அமைச்சரே வாயைத் திறந்து தந்த சந்தர்ப்பத்தை விட்டுவிட்டீர்களே, ஆட்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒளிக்கிறார்கள் என்பதையாவது சொல்லியிருக்கலாமே என்று. ஐயா வீங்கிய விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"பதியாத ஆக்கள் இருக்கினம், அதாலை ஒளிக்கினம் எண்டு நான் சபையிலை சொல்லவோ? பொலிசுக்குப் பொறுப்பான ஆளும் அங்கை முன்வரிசையிலைதான் இருந்தவர், பாத்தனீயோ? நுளம்பு பிடிக்கிறவனோடை ஆள் பிடிக்கிறவனும் போவான். உன்ரை சித்தி பிறகு எங்கை படுப்பா?"

உண்மையைச் சொன்னால் ஆட்களைப் பிடிப்பார்கள். சொல்லாவிட்டால் நோய் இல்லை என்பார்கள். இதை எந்த (அ), (ஆ), (இ)க்குள் அடைப்பது?

அந்தக் கிழமையே சித்திக்குப் பல் முரசில் இரத்தம் வந்தது. முள்ளுத் தேய்த்த மாதிரிக் கையெல்லாம் சிவப்புப் புள்ளிகள். மனேஜரே ஓட்டோ பிடித்து ஏற்றிவிட்டு எனக்குப் போன் அடித்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது சித்தியைச் சக்கர நாற்காலியில் வைத்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண் திறக்கவே முடியாத நிலையில், விலாசம் என்று கேட்டதும் சித்தி சிங்களத்தில் ஒரே மூச்சில் சொன்னார். எங்கள் வீட்டு விலாசம். இலக்கம், ஒழுங்கை, வெள்ளவத்தை, கொழும்பு ஆறு. அவருக்குத் தெரிந்த மொத்தச் சிங்களமும் அதுதான். எப்போது பாடமாக்கினார் என்று தெரியாது.

அது சிக்குன்குனியா இல்லை, டெங்கு என்றார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நகரத்தில் இருந்தன. முதலாவது வந்துபோன உடம்பில் இரண்டாவது வந்தபோது, பழையதுதான் திரும்பியிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துவிட்டோம். என்ன குளிசை போட்டீர்கள் என்று டொக்டர் கேட்டார். அந்த மூட்டு நோவுக் குளிசையின் பெயரைச் சொன்னேன். டெங்குக்கு அதைப் போட்டால் இரத்தம் கசிவது கூடுமாம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

சித்தி போய்விட்டார். மகள் அங்கிருந்து தொலைபேசியில் அழுதுகொண்டே, கடிதம் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டாள். வரவில்லை.

செத்தவீட்டுக் களை போகுமுன்னே எங்கள் ஒழுங்கைக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரு பி.எச்.ஐ., இரண்டு உதவியாட்கள், தோளில் புகை மெஷின். பொலிஸ் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. பி.எச்.ஐ. நல்ல மனிதர். பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் எல்லாம் குனிந்து பார்த்தார். ஒரு புழுகூட இல்லை. அவருக்கே ஆச்சரியம். இறந்தவர் இங்கேதானே இருந்தார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, இங்கேதான், என்றார். வேறு யாருக்காவது காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா இல்லையென்று தலையாட்டினார். புகை அடித்தார்கள். சுத்தமான ஒழுங்கை முழுக்க வெள்ளையாகப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

ஐயா விடாமல் திரும்பவும் கேட்டார். இந்த முறை அவகாசம் கேட்காமல் கெதியாகவே பதில் வந்தது. வெள்ளவத்தையில் டெங்கு நோயாளர் கண்டறியப்பட்டு, புகையடிக்கப்பட்டுள்ளது. கொட்டாஞ்சேனையில் எவருமில்லை. அதைப் படித்தபோதுதான் உறைத்தது, சித்தி மட்டும் இல்லை. ஊரிலிருந்து வந்து அங்கே ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர் வீட்டு விலாசத்தில்தான் நோயாளியாகியிருந்தார்கள். நுளம்பு ஓரிடம், புகை ஓரிடம். ஐயா அந்தத் தாளை மடித்து வைத்தார். துணைக் கேள்வி கேட்க எழும்பவில்லை.

சித்தியின் பை லொட்ஜிலேயே கிடந்தது. அம்மா போக மனமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் நான் போனேன். ஓடையில் பீப்பாய்கள் அப்படியே. சித்தியின் கட்டிலில் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா படுத்திருந்தார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். பையைக் கட்டிலுக்குக் கீழேயிருந்து இழுத்தபோது கண்விழித்தார். நான் யார் என்று மனேஜர் சொன்னார். அவர் என் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

"பிள்ளை, எனக்குக் கொழும்பிலை ஒருத்தரும் இல்லை. உங்கட வீட்டு இலக்கத்தை ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். பிழையாக வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று மெதுவாக மறுபடி சொல்லிக் கொடுத்தேன்.