பால்காரன் வீட்டில் பால் இறங்காத நாட்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டது. ஆனால் மணிமங்கலத்தைச் சுற்றி மாட்டைப் பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். ஒற்றை மாட்டில் தொடங்கி எட்டு மாடு கட்டியவன். தாம்பரம் வரைக்கும் சைக்கிளிலேயே பால் கொண்டுபோய் ஊற்றியவன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில், எழுபதுகளில் ஒரு வருடம், பெண்டாட்டிக்குத் தலைப்பிரசவமாகி மூன்று நாள் கழிந்தும் தாய்ப்பால் இறங்கவில்லை.

பஞ்சில் நனைத்துச் சொட்டுவிட்ட மாட்டுப்பாலைக் குழந்தை கக்கியது. வைத்தியத்துக்கோ பஞ்சமில்லை. என் அக்கா கட்டிலோரமே குடிவந்துவிட்டாள்.

"ஏண்டி, பூண்டு துன்ன, சுறாப்புட்டு துன்ன, இன்னும் இன்னாடி கேடு உனக்கு?"

பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கொருமுறை சேலையை விலக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். நான் சும்மா இருப்பேனா? வாசலில் நின்று மணிக்கொருதரம் "வந்துச்சா?" என்று கத்தி என் பங்குக்கு உதவினேன்.

நான்காம் நாள் குழந்தைக்கு அழவும் தெம்பில்லை. அன்றைக்கு மாட்டுக்குச் சினை பார்க்க வந்த டாக்டரிடம், சிரிப்பார் என்று தெரிந்தே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கறக்கும்போது மாட்டுக்கிட்ட யாரையாவது வுடுவியா?"

"நாயைக்கூட வுடமாட்டேன் சார். மெரண்டா பாலை அடக்கிக்கும்."

"ஏன் அடக்குது?"

"திமிரு சார்."

"ஹார்மோன்யா! கன்னு வாய் வச்சா மூளைலேர்ந்து அது ரத்தத்துல கலக்கும். அதுதான் மடிய அமுக்கிப் பாலைத் தள்ளுது. பயந்தா வராது. உன் சம்சாரத்துக்கும் அதே ஹார்மோன்தான். மாட்டுக்குக் குடுக்குற மரியாதைய அந்தப் பொண்ணுக்கும் குடு. மத்தியானத்துக்குள்ள எறங்கலன்னா கொழந்தையத் தூக்கிக்கினு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓடு."

நேராகப் போய் அறையைக் காலி செய்தேன். அக்கா கொதித்தாள்.

"மாட்டு டாக்டர் பேச்சக் கேட்டு கூடப் பொறந்தவளத் தொரத்துறியாடா?"

"அவுரு பாக்குற மாடுங்கல்லாம் கறக்குதுக்கா. நீ பாக்குறதுதான் கறக்கல."

எல்லாரையும் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, மேற்பார்வைக்கு நான் மட்டும் உள்ளே நின்றேன். "தலையத் தூக்கிப் புடி. இப்பிடி இல்ல, அப்பிடி." மூன்று நாளாக வாய் திறக்காத பெண்டாட்டி திறந்தாள்.

"நீயும் வெளிய போய்யா."

கல்யாணமான பிறகு அவள் எனக்குப் போட்ட முதல் உத்தரவு. போனேன். உச்சி வெயில் ஏறும்வரை தொழுவத்தில் இருமாமல் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி பூட்டப்போகிற நேரத்தில் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யோவ், ஒரு துணி எடுத்தா. இந்தப் பக்கம் குடிக்குது, அந்தப் பக்கம் தானா ஒழுவுது."

துணியை ஜன்னல் வழியாகத்தான் நீட்டினேன். உள்ளே போய்க் கெடுப்பதற்கு நான் என்ன படிக்காதவனா?