அம்புக்குறி காட்டிய கிணறு

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஊர் ஊராகப் போய் டப்பா ஒளித்து வைக்கிறவன் ஆனேன். வெளியில் சொல்லும்போது 'ஜியோகேச்சிங்' என்று சொல்வேன், கேட்கிறவர்கள் ஏதோ சுரங்கத் தொழில் என்று நினைத்து மரியாதையாகத் தலையாட்டுவார்கள். விஷயம் இவ்வளவுதான். ஒரு டப்பாவில் பொம்மை, சாவிக்கொத்து என்று கண்டதையும் போட்டு எங்காவது பாறைச்சந்தில் ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை செயலியில் ஏற்றிவிட வேண்டும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, போனில் அம்புக்குறி காட்டுகிற பக்கமாக நடந்து தேடுவார்கள். டப்பாவிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒரு பொருளை வைக்க வேண்டும், அது சட்டம். பேரன் பேத்தி எடுக்க வேண்டிய வயதில் இது தேவையா என்று கேட்காதீர்கள், என் மனைவி சாந்தி தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. பகுத்தறிவு என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன், சோம்பேறித்தனம்தான் காரணம். நம்பினால் பயப்பட வேண்டும், பயந்தால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைச் சரிபார்க்க வேண்டும், யார் எழுவது? அலமாரி நிறைய பேய்க்கதைகள் வைத்திருக்கிறேன், படித்து முடித்ததும் குறட்டைவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதனால் இனி சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு நண்பரின் தென்னந்தோப்பு. அதன் ஓரத்தில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை இருக்கிறது, டப்பா வைக்க அப்படி ஒரு இடம் கிடைக்காது. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் விசில், இரண்டு கோலிக்குண்டு, ஒரு குட்டி ரப்பர் டைனோசர் போட்டு வைத்தேன். அப்புறம் போனை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும். தென்னை ஓலைக்கு அடியில் சிக்னல் குடிகாரன் மாதிரி தள்ளாடும், அது நிதானத்துக்கு வந்த பிறகுதான் இடத்தைக் குறிக்க வேண்டும். இது இந்த விளையாட்டில் அரிச்சுவடிப் பாடம். ஆனால் என் காலில் செவ்வெறும்பு ஏறிவிட்டது. நான் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டு காருக்கு ஓடினேன். வீட்டுக்கு வந்து ஒருமுறை சரிபார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை கார்த்தியிடமிருந்து செய்தி வந்தது. கார்த்தி பீளமேட்டில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் பையன், இந்தப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவனே அவன்தான். "குடும்பத்தோட கெளம்பிட்டோமுங்ணா. உங்க டப்பாவ மொதல்ல எடுக்கறது இனியாதான்." இனியா அவன் மகள், இரண்டாம் வகுப்பு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாந்தியைக் கூப்பிட்டு, போனில் அந்த இடத்தை வானத்திலிருந்து எடுத்த படத்தைக் காட்டினேன், பார், தமிழ்நாட்டு வரைபடத்தில் என் டப்பா என்று.

துணி காயப்போட்டுவிட்டு வந்தவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"ஏனுங்க, பொட்டியக் கெணத்துக்குள்ளயா வெச்சீங்க?"

பார்த்தேன். என் குறி பாறைமேல் இல்லை, வேலி தாண்டிப் பக்கத்துக் காட்டில் ஒரு கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம், அதுவும் பல வருஷமாக உழாமல் புதர் மண்டிக் கிடக்கிற நிலம். அங்கே சுற்றுச்சுவர் இல்லாத கிணறு தரையோடு தரையாக இருக்கும், பக்கத்தில் போனால்தான் தெரியும். போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிற குழந்தைக்கு அதுவும் தெரியாது.

கார்த்தியைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அவன் மனைவியும் அப்படியே. போட்டிருந்த பச்சை பனியனோடு காரை எடுத்தேன், சாந்தியும் ஏறிக்கொண்டாள்.

பொள்ளாச்சி ரோட்டில் கொஞ்ச தூரம்வரை நான் பேசிக்கொண்டிருந்தேன். சாட்டிலைட் தப்பு, போன் கம்பெனிக்காரன் தப்பு, எறும்பு மருந்து போடாத தோப்புக்காரன் தப்பு. சாந்தி கார்த்தியின் நம்பரை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் பழி போட எனக்கு ஆள் தீர்ந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது, கண்ணீர் வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான், எதுவும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உடம்பு முழுக்க மரத்துப்போயிருந்தது. யாரோ கார் ஓட்டுகிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறேன், அப்படித்தான் இருந்தது.

தோப்பில் கார்த்தியின் கார் நின்றது. பாறைமேல் மூன்று பேரும் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இனியாவின் மடியில் என் டப்பா.

"வாங்ணா, அக்காவக் கூட்டீட்டு வாரதுக்கா அவ்வளவு வெரசாப் போனீங்க?" என்றான் கார்த்தி.

இனியா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்கிள், எதுக்கு சட்டைய மாத்தீட்டீங்க?"

நம்பினால் நம்புங்கள், அவர்கள் சொன்னது இதுதான். இனியா போனை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடியிருக்கிறாள், அம்புக்குறி வேலிச்சந்து வழியாகப் பக்கத்துக் காட்டுக்குள் காட்டியிருக்கிறது. புதருக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேனாம். நீலக் கட்டம் போட்ட சட்டை. இரண்டு கையையும் விரித்து, "நில்லு கண்ணு" என்றேனாம். அவள் நின்றாள். பின்னால் ஓடிவந்த கார்த்தி அப்புறம்தான் கிணற்றைப் பார்த்தான். நான் அவர்களைப் பாறைக்குக் கூட்டிவந்து டப்பாவைக் காட்டி, "தப்பு என்னோடதுதானுங்க, சரியாப் பாக்காம உட்டுப்போட்டேன்" என்று சொன்னேனாம். டப்பாவிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு, சட்டம் தவறாமல் பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு, தென்னைமரங்களுக்குள் நடந்து போய்விட்டேனாம்.

கார்த்தியின் மனைவி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகள் என்னுடையவை என்றே எனக்குத் தோன்றவில்லை. அது நான் இல்லை அம்மணி என்று சொல்லியிருக்க வேண்டும். "பரவால்ல அம்மணி" என்றேன். ஆவியோ என்னவோ, அதற்குச் சேர வேண்டிய நன்றியைக்கூட நான்தான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு தனியாகப் போய்க் கிணற்றைப் பார்த்தேன். விளிம்பில் அருகம்புல் மிதிபட்டிருந்தது. சின்னச் செருப்பின் தடம், விரல் பக்கம் ஆழமாகப் பதிந்து, அதற்கு மேல் மண் இல்லை. எதிரே ஆள் நின்ற தடம் எதுவும் கண்ணில் படவில்லை. அவள் எதிரே ஆள் நின்றிருந்தால் கிணற்றின் மேல்தான் நின்றிருக்க வேண்டும்.

பாறைக்குத் திரும்பி டப்பாவைத் திறந்தேன். கோலிக்குண்டு, டைனோசர், ஒரு நீலப் பொத்தான். பொத்தானைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனேன். நீலக் கட்டச் சட்டை சாந்தி காலையில் காயப்போட்ட இடத்திலேயே தொங்கியது, இன்னும் முழுசாகக் காயவில்லை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"நாம் பிழியறப்ப எல்லாப் பொத்தானும் இருந்துச்சுங்க" என்றாள் சாந்தி.

பையிலிருந்த பொத்தானை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தோம். மற்ற பொத்தான்களோடு அச்சாகப் பொருந்தியது. குறியைச் செயலியிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டேன், தோப்பு நண்பர் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட வைத்தார். கார்த்தி குடும்பத்திடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை, தெருவில் பார்த்தால் இனியா இரண்டு கையையும் விரித்து "நில்லு அங்கிள்" என்று விளையாடுவாள், நானும் நிற்பேன். பொத்தானுக்குக்கூட ஏதாவது சமாதானம் தேடிக்கொள்ளலாம். அந்த மஞ்சள் விசில்தான் எங்கே என்று தெரியவில்லை. சட்டை துவைத்து வரும்போதெல்லாம் அதன் பையில் கைவிட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கூட வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் சாந்தி அந்தப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, அது என் மனசின் வேகமா, இன்னொரு உலகத்திலிருந்து வந்த நானேவா என்று படித்ததையெல்லாம் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கேட்டாள்.

"ஏனுங்க, தப்பு என்னோடதுன்னு அந்தத் தம்பிகிட்டச் சொன்னாராமா?"

"ஆமா, அப்படித்தான் சொன்னாராம்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்ப அது நீங்க இல்லீங்க."