கதவக்காவின் முதல் வில்லை

சட்டமன்றத்தின் பெரிய கதவைத் திறப்பதும் சாத்துவதும் பத்தொன்பது வருஷமாக ஒரே ஒருத்தியின் வேலை. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மந்திரி முதல் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் அவள் கதவக்கா. முதலில் அவள் புருஷன் அந்தக் கதவில் நின்றான். நெஞ்சுவலி வந்து அவன் போன பிறகு வேலை அவளுக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதே என்று யாரோ முணுமுணுத்தபோது, "கதவுக்கு எழுத்து எதுக்குங்க, தாழ்ப்பாள்தானே?" என்று கேட்டுவிட்டு நேராகப் போய்க் கதவோரம் நின்றுகொண்டாள். அவ்வளவுதான், யாராலும் அவளை நகர்த்த முடியவில்லை.

படிக்கத் தெரியாதவள்தான். காது என்று ஒன்று இருக்கிறதே! பத்தொன்பது வருஷம் அந்தக் கதவுக்குப் பின்னால் நடந்த பேச்செல்லாம் அவள் காதில்தான் விழுந்தது. அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தின் பக்கத்தை அவள் புரட்டியதில்லை. ஆனால் எந்தக் கதவை யார் திறக்கலாம் என்று அதில் எழுதியிருப்பது அவளுக்கு அத்துப்படி. வெளிநாட்டுக் கதையெல்லாம்கூட உறுப்பினர்கள் அங்கே பேசுவார்கள். ஒரு நாட்டில் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், நெருக்கடி நிலை வந்துவிடும். இன்னொரு நாட்டில் ராஜா இருக்கிறார், ஆனால் நீட்டின தாளில் கையெழுத்துப் போடுவதுதான் அவர் வேலை. வேறொன்றில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதிய ஒற்றைப் புத்தகமே கிடையாது, பழக்கத்திலேயே பாதி ஓடுகிறது. மற்றொன்றில் நீதிபதி குறுக்கே கை நீட்டி, ஏன் என்று கேட்கலாம்.

"நம்ம நாட்டுல எப்படி அண்ணி?" என்று தம்பி பெண்டாட்டி ஒருநாள் கேட்டாள்.

"நம்ம நாட்டு அலமாரிக்கு ரெண்டு சாவிம்மா. ஒண்ணு தலைவர்கிட்ட, ஒண்ணு சபைகிட்ட. நெருக்கடி நிலைன்னு தொண்ணூறு நாள் அவரு தன் சாவிய வச்சே பூட்டிக்கலாம். அதுக்கு மேல ஒரு நாள் வேணும்னாலும் சபையில எண்பது பேரு சரின்னு சொல்லணும். நூத்திருபதுல எண்பது. எழுபத்தொன்பதுன்னா செல்லாது."

"ஒரு ஆளுக்கா இவ்வளவு?"

"ஒரு ஆளுக்குத்தான்."

இந்தப் பேச்சு சிரித்துப் பேசியது. பேருந்து ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்து நெருக்கடி நிலை வருவதற்கு முன்னால் பேசியது.

கதவக்காவின் தம்பியும் ஒரு ஓட்டுநர். நெருக்கடி நிலை வந்த மூன்றாம் நாள் காலையில் பணிமனைக்குள் போலீஸ் வண்டி வந்து நின்றது. முப்பத்தொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். சாதாரணக் காலமாக இருந்தால், பிடித்தவரை ஒரே நாளில் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. நெருக்கடி நிலையில் அந்த வரி தூங்கப் போய்விடும். எங்கே வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டார்களா, அடித்தார்களா, ஒன்றும் தெரியாது. ஊருக்கு வெளியே பழைய கிடங்கு ஒன்றில் என்று மட்டும் காற்றுவாக்கில் சேதி வந்தது. கதவக்கா முப்பத்தொரு வீட்டுக்கும் நடந்தே போய் வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: "நீங்க அங்கதானே வேலை பாக்குறீங்க, எப்ப விடுவாங்க?" அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தொண்ணூறாம் நாள் ஓட்டெடுப்பு. எண்பது கிடைக்காவிட்டால் மறுநாள் உச்சிப்பொழுதோடு பூட்டு கழன்றுவிடும்.

அந்தத் தொண்ணூறாம் நாளும் வந்தது.

ஓட்டெடுப்பு அந்த மன்றத்தில் இப்படித்தான் நடக்கும். தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் பெரிய கதவு வழியாக உள்ளே வர வேண்டும். மறுக்கிறவர்கள் வெளியே நடைகூடத்தில் நிற்க வேண்டும். உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் கதவோரத் தட்டிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். மணி அடித்ததும் கதவைச் சாத்தித் தாழ் போடுவது கதவக்காவின் வேலை. செயலாளர் பெட்டியைக் கவிழ்த்து எண்ணுவார். பிறகு சபாநாயகர் கதவைப் பார்த்து, "கதவு சரியா?" என்று கேட்பார். "கதவு சரி" என்று அவள் சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் எண்ணிக்கை செல்லும், தாழும் திறக்கும். பத்தொன்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ, தும்மினால் வாயில் வருகிற மாதிரி அது வந்துவிடும்.

இதில் எழுதாத வழக்கம் ஒன்றும் உண்டு. அவள் புருஷன் காலத்தில் ஒரு தடவை பெட்டியின் வாய் அடைத்துக்கொண்டு ஓட்டெடுப்பே குழம்பிப் போனது. அன்றிலிருந்து கதவில் நிற்பவர் முதலில் தானே ஒரு வில்லையைப் போட்டு, அது அடியில் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொள்வார். எண்ணும்போது பழைய செயலாளர் முதல் காரியமாக ஒரு வில்லையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மற்றதை எண்ணத் தொடங்குவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு அது.

அந்தப் பழைய செயலாளரை ஓட்டெடுப்புக்குப் பத்து நாள் முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்தவர் கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக இருந்தார். அவர் வந்த அன்றே கதவக்கா இந்த வில்லைக் கணக்கைச் சொல்லப் போனாள். "வாயத் தொறக்காம கதவ மட்டும் தொறங்க" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கும் ரோஷம். சொல்லாமலே விட்டுவிட்டாள். அவர் எண்ணப் போகும் முதல் ஓட்டெடுப்பு இதுதான். அந்த ரோஷத்தை நினைத்துப் பிற்பாடு அவள் தலையில் அடித்துக்கொண்டது கொஞ்சமில்லை.

ஓட்டெடுப்பு நாள் காலையில் சட்டமன்றக் காவல் தலைவர் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார்.

"தம்பி நல்லா இருக்காராம். நெனச்சேன், சொல்லலாம்னு."

அவள் ஓரடி கிட்டே போனாள். "எங்க வச்சிருக்காங்க ஐயா?"

"அதெல்லாம் எதுக்கு? இன்னைக்கு எல்லாம் நல்லபடியா முடியட்டும். நானே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். நல்லபடியா முடியலேன்னா..." என்று நிறுத்தி, அவள் சேலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக் கீழே போட்டார். "கிடங்குல வெளிச்சம் கம்மி பாருங்க. விழுந்து கிழுந்து வச்சாங்கன்னா யாருக்குத் தெரியும்?"

அவர் போன பிறகும் அவர் விரல் பட்ட இடம் குளிர்ந்தபடியே இருந்தது. அந்தக் குளிர்ச்சியோடுதான் அவள் கதவுக்கு வந்தாள். தட்டைத் துடைத்தாள். ஒரு வில்லையை எடுத்துப் பெட்டியில் போட்டாள். டணக் என்று சத்தம் கேட்டது. கை தன் பாட்டுக்குச் செய்தது, மனசு அங்கே இல்லை.

உறுப்பினர்கள் வரத் தொடங்கினார்கள். அவள் ஒவ்வொரு தலையாக உள்ளுக்குள் எண்ணினாள். அறுபது. எழுபது. எழுபத்தைந்து. எழுபத்தொன்பதாவதாக வெற்றிலைப்பையோடு ஒரு உறுப்பினர் வந்து வில்லையைப் போட்டுவிட்டு உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கைத்தடி ஊன்றியபடி இன்னொரு உறுப்பினர் வந்தார். ஆளும் பக்கத்துக் கிழவர். தட்டிலிருந்து வில்லையை எடுத்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழவர் வில்லையை மறுபடி தட்டிலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடைகூடத்துப் பக்கம் தடியை ஊன்றி நடந்து போய்விட்டார். மணி அடித்தது. கதவக்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். எழுபத்தொன்பது. கதவிலேயே சாய்ந்துகொண்டாள். தம்பி வந்துவிடுவான்.

செயலாளர் பெட்டியைப் பச்சைத் துணிமேல் கவிழ்த்தார். பத்துப் பத்தாக அடுக்கினார். ஒரு வில்லையை எடுத்து ஓரமாக வைப்பார் என்று அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஓரத்துக்குப் போகவேயில்லை. எட்டு அடுக்கு நின்றது, ஒன்றும் மிச்சமில்லை.

"எண்பது" என்றார் செயலாளர்.

மேசைகள் தட்டப்பட்டன. கதவக்காவுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்ட வில்லை. அவள் கையால், அவள் தம்பிமேல் அவளே பூட்டைப் போட்டுவிட்டாள்.

"கதவு சரியா?" என்று கேட்டார் சபாநாயகர். அவருக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே கேட்டார்.

அவள் கை தாழின்மேல் இருந்தது.

தாழைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் கலந்துவிடுவார்கள். பிறகு யாரை எண்ணுவது? சொல்வதானால் இப்போதே சொல்ல வேண்டும். சொன்னால் கிடங்கில் வெளிச்சம் கம்மி. சொல்லாவிட்டால் இன்னொரு தொண்ணூறு நாள், அதற்குப் பிறகு இன்னொன்று.

"சொல்லித் தொலைங்க" என்று காவல் தலைவர் அவள் காதுக்குப் பக்கத்தில் பல்லைக் கடித்தார்.

"கதவு சரியா?" மறுபடி கேட்டது.

"சரியில்லீங்க ஐயா."

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு சின்னதாக இருந்தது. ஆனால் மன்றம் முழுக்கக் கேட்டது.

"என்னம்மா சரியில்லை?"

"பொட்டியில ஒரு வில்லை என்னோடதுங்க. வாய் அடைச்சிருக்கான்னு பாக்க நான் போடுறது. பழைய ஐயா அதை ஒதுக்கிட்டு எண்ணுவாரு. இவரு ஒதுக்கல."

முன்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். "அவ தம்பி உள்ள இருக்கான்! அதான் இந்த நாடகம்!"

"ஆமாங்க, உள்ளதான் இருக்கான்" என்றாள் கதவக்கா. பின்னால் கை நீட்டிக் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டாள். "நான் பொய் சொல்றேன்னு வச்சுக்குங்க. நீங்க எல்லாரும் இங்கேயேதான் உக்காந்திருக்கீங்க, தாழ் இன்னும் போட்டபடி இருக்கு. தலைய எண்ணிப் பாத்தாப் போச்சு. எண்பது இருந்தா என்னைய இப்படியே இழுத்துட்டுப் போங்க."

"இவளை முதல்ல வெளிய தள்ளுய்யா!"

"தள்ளணும்னா கதவத் தொறக்கணும்" என்று பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார். ஒருவர் சிரித்துவிட்டு உடனே இருமினார்.

சபாநாயகர் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்தார். அவர் நெற்றி வேர்த்ததைக் கதவக்கா அங்கிருந்தே கண்டாள். அந்த மனிதருக்கும் வீடு இருக்கும், பிள்ளை இருக்கும், பயம் இருக்கும். கைக்குட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் எழுந்து, விரலை நீட்டி, அவரே எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். கடைசி வரிசைக்கு வந்தபோது அவர் குரல் உடைந்தது.

"எழுபத்தொன்பது."

யாரும் மேசையைத் தட்டவில்லை. "தீர்மானம் நிறைவேறவில்லை" என்று அவர் சொன்னது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

அதற்குப் பிறகு கதவக்காவை ஜன்னல் இல்லாத ஒரு அறையில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. யார் சொல்லிக் கொடுத்தது, எவ்வளவு நாளாகத் திட்டம் என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "பொட்டி வாய் அடைச்சுக்கும்ங்க, அதான்" என்பதையே அவளும் மாற்றாமல் சொன்னாள். தண்ணீர் கேட்டாள், தரவில்லை. கடைசியில் கதவுச் சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு நடக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் தம்பி பெண்டாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "விட்டுருவாங்களா அண்ணி?"

"புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகத்துல இருக்குறத அவங்க கேப்பாங்களா?"

பத்தொன்பது வருஷத்தில் அந்த மன்றத்தில் யாரும் இதைக் கேட்டு அவள் காதில் விழுந்ததில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் கிடங்கின் வாசலில் நின்றார்கள். இரும்புக் கதவு. மேலே கம்பிச்சுருள். வெயில் உச்சிக்கு ஏறியது, தாண்டியது. கதவு அசையவில்லை. ஒரு கைக்குழந்தை அழுததற்குக்கூட அதன் அம்மா பயந்து வாயைப் பொத்தினாள். வெகுநேரம் கழித்து உள்ளே சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

ஒவ்வொருவராக வந்தார்கள். தாடியும் மீசையுமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். பதினேழாவதாகத் தம்பி வந்தான். பாதியாகியிருந்தான், ஆனால் தன் காலால் நடந்து வந்தான். அவன் பெண்டாட்டி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கதவக்கா ஓடவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது. இருபத்தெட்டு. முப்பது.

இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

கூட்டத்தில் ஒரு தாய் மட்டும் காலிக் கையோடு நின்றாள். அந்த முகத்தைக் கதவக்கா பார்த்தாள். பிறகு தம்பியைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, இரும்புக் கதவுக்குப் போனாள். தம்பி, "அக்கா, வேணாம், வா போயிரலாம்" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தான். அவள் முந்தானையை விடுவித்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

கதவிலிருந்த சின்ன ஜன்னல் ஒன்று திறந்து, அதில் ஒரு காவலாளியின் கண்கள் தெரிந்தன.

"முப்பது பேரு வந்தாங்க" என்றாள் கதவக்கா. "முப்பத்தொருத்தர ஏத்திட்டு வந்தீங்க. ஒருத்தர் இன்னும் உள்ள இருக்காரு."

"போம்மா. எல்லாம் சரியாத்தான் எண்ணினோம்."

"நானும் எண்ணினேன்."

ஜன்னல் படாரென்று மூடியது. அவள் நகரவில்லை. வாசலிலேயே, வெயிலிலேயே, கதவுக்கு நேராகக் கீழே உட்கார்ந்துகொண்டாள். காலிக் கையோடு நின்ற தாய் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு தம்பியும் வந்தான், மெதுவாக, சுவரைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொருவராக முப்பது வீட்டுக்காரர்களும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். யாருக்கும் பயம் போகவில்லை. இருந்தாலும் எழுந்து போனவர் இல்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் உள்ளே மறுபடி சாவி திரும்பியது. இரண்டு பேர் தோளில் தாங்கி ஒருவனைக் கொண்டுவந்து வாசலில் விட்டார்கள். அவன் கால் தரையில் பாவவில்லை. மூச்சு இருந்தது. அவன் தாய் அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் கதவக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.