பதினைந்து நாளும் உருட்டினேன்

முதலில் வகிடுதான் காட்டிக்கொடுத்தது. சீப்பில் நாலு முடி வருவது எந்தப் பெண்ணுக்கும் புதிதல்ல. ஆனால் அந்த வருடம் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் என் வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போனது. டியூப்லைட் வெளிச்சம் பட்டால் உச்சந்தலைத் தோல் பளபளத்தது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது.

தோல் மருத்துவர் பார்த்துவிட்டு ஆன்ட்ரோஜெனிக் அலோபீஷியா (பரம்பரையாலும் ஹார்மோன்களாலும் முடி மெலிந்து உதிர்வது) என்றார். மினாக்சிடில் (முடி வளரத் தலையில் தடவும் மருந்து) எழுதிக்கொடுத்தார். "உயிருக்கு ஒண்ணும் பயமில்லம்மா" என்று வேறு சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. மஞ்சள் காமாலை என்றால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். முடி கொட்டுகிறவளைப் பார்க்க வருகிறவர்கள் தலையைத்தான் பார்ப்பார்கள்.

எனக்கு நிம்மதியான இடங்கள் இரண்டு இருந்தன. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் மாத்திரை பேக்கிங் செய்யும் சின்னக் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அங்கே எல்லோரும் தலையில் துணித்தொப்பி போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மாதா கோவிலில் பெண்கள் எல்லோருக்கும் முக்காடு. அந்த இரண்டு இடத்திலும் நான் மற்றவர்களைப் போலவே இருந்தேன்.

வீடுதான் கஷ்டம். என் கணவர் சவரிராயன் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு டிவி முன்னால் உட்காரும்போது, பக்கத்தில் இருக்கும் என் தலையில் கை வைப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு அது பழக்கம். அந்தக் கை வரும்போதெல்லாம் நான் தலையை நகர்த்திக்கொள்ள ஆரம்பித்தேன். ராத்திரியிலும் டவல் கட்டிக்கொண்டு படுத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கை வருவது நின்றுவிட்டது. எனக்கு அந்தக் கை திரும்ப வேண்டும். அதற்கு முதலில் முடி வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள், பேசாமல் சவுரி முடி வாங்கி வைத்துக்கொள்ளப்போகிறேன் என்றேன்.

"ஊட்டுல ஒரு சவரி இருக்கறது போதாதா? இன்னொண்ணு எதுக்கு?" என்றார்.

சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

மார்த்தீன் அக்கா என் பெரியப்பாவின் மகள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று பாரீஸிலேயே தங்கிவிட்டவர். அக்கா அங்கேயே பிறந்தவள், தமிழ் பாதி, பிரெஞ்சு பாதி பேசுவாள். என் கதையைக் கேட்டுவிட்டு, லீவுக்கு ஊர் வந்த ஒருவரிடம் ஒரு சாமானைக் கொடுத்தனுப்பினாள். பெட்டியில் இடம் போதவில்லை என்று டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார் அவர். சவரம் செய்யும் ரேசர் அளவுக்கு ஒரு கைப்பிடி, அதன் நுனியில் சின்ன உருளை, உருளை முழுக்க மெல்லிய ஊசிகள். டெர்மா ரோலர் (தோலில் நுண்ணிய துளைகள் போடும் உருளை) என்று அதற்குப் பெயர். தோல் தன்னை ஆற்றிக்கொள்ளும்போது அடியில் சோம்பிக் கிடக்கும் முடி வேர்கள் விழித்துக்கொள்ளும் என்பது கணக்கு.

அக்கா போனில் சொன்னாள்: "தலைய நல்லா கழுவு. ரோலர ஸ்பிரிட்ல நனை. அழுத்தாத, மெதுவா உருட்டு. தூ லெ கேன்ஸ் ழூர், சரியா?"

நான் கன்னியாஸ்திரிகளிடம் பத்தாவது வரை பிரெஞ்சு படித்தவள். தூ என்றால் எல்லாம். கேன்ஸ் பதினைந்து. ழூர் நாள். எல்லாப் பதினைந்து நாளும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவள் பாரீஸ்காரியிடம் அர்த்தம் கேட்பாளா? "உய், உய்" என்று பிரெஞ்சிலேயே ஆமாம் போட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

"என்னா சொன்னாங்க?" என்றார் சவரி.

"பதினஞ்சு நாளும் பண்ணணுமாம். ஒருநாள்கூட உடக்கூடாதாம்."

இரண்டாவது வாக்கியம் நானாகச் சேர்த்தது.

முதல் மாலை நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் வழியாகக் கடல்காற்று வந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு உருட்டினேன். எறும்புகள் வரிசையாக நடந்து போவது போல இருந்தது, வலி என்று சொல்ல முடியாது. விரலால் தொட்டுப் பார்த்தால் பொட்டுப் பொட்டாக ரத்தம். உச்சந்தலை என்று ஒன்று எனக்கு இருப்பதே அன்றுதான் தெரிந்தது போலத் தோன்றியது. எரிச்சல் அடங்கட்டும் என்று வீட்டில் காய்ச்சிய கரிசலாங்கண்ணி எண்ணெயை மேலே வழிய வழியத் தடவிக்கொண்டேன். அதை அக்கா சொல்லவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்க யாராவது சொல்லவேண்டுமா என்ன?

அடுத்தடுத்த நாட்களில் எரிந்தது. வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அரித்தது. முளைக்கிறது என்று நினைத்தேன். பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, சவரிக்குக்கூடக் காட்டாமல் உருட்டிக்கொண்டே இருந்தேன். கனவில் மட்டும் முடி வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு காலையில் தலையணை உறை தலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் ஏறியது.

அந்தக் காய்ச்சலில் எத்தனை நேரம் கிடந்தேன் என்று தெரியாது. என் முடி கட்டிலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவழியாக வளர்ந்து துறைமுகம் வரைக்கும் போய்விட்டது. அதில் படகுகளைக் கட்டிவைத்திருந்தார்கள். ஒவ்வொரு படகும் அலையில் ஏறி இறங்கும்போது என் தலை இழுபட்டது. "அவுத்து உடுங்க" என்று நான் கத்தினேனாம். சவரிதான் பின்னால் சொன்னார். அவர் டவலை அவிழ்த்துப் பார்த்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். இளவயதுதான். கையுறையோடு மெல்லத் தொட்டுப் பார்த்து, ஃபாலிகுலைட்டிஸ் (மயிர்க்கால்களில் சீழ் பிடிக்கும் அழற்சி) என்றார்.

"எத்தன நாளைக்கு ஒருவாட்டி உருட்டினீங்க?"

"தினமும்."

"தினமுமா? யாரு சொன்னது?"

"பாரீஸ்ல எங்க அக்கா."

டாக்டர் சவரியைப் பார்த்தார். சவரி வராந்தாவுக்குப் போய் பாரீஸுக்குப் போன் போட்டு, செல்லைக் கொண்டுவந்து என் காதில் வைத்தார். மறுமுனையில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். "தூ லெ கேன்ஸ் ழூர்னா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைடீ ஸ்டெல்லா! தினமும்னா நான் தூ லெ ழூர்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

எனக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. பத்தாவதில் பிரெஞ்சுக்குப் பரிசு வாங்கியவள் நான்.

டாக்டர் திட்டவில்லை. "குத்தினதுக்கு அப்புறம் தோல் ஆறணும்ல, அந்த நேரத்துலதான் உள்ள வேல நடக்குது. நீங்க அதுக்கு நேரமே குடுக்கல. மேல எண்ணெய வேற ஊத்தியிருக்கீங்க" என்றார். பிறகு, சீழைச் சுத்தம் செய்ய முடியை முழுக்க எடுக்கவேண்டும் என்று சொன்னார்.

எந்த முடிக்காக இத்தனையும் செய்தேனோ, அது கொத்துக் கொத்தாக என் மடியில் விழுந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. மருந்து மயக்கத்தில் அது வேறு யாருடைய முடியோ என்றிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. முடி மெலிந்திருந்தபோது தெருவில் என் தலையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள், இப்போது நின்று பேசினார்கள். "வேளாங்கண்ணியா? மாதாவுக்கு நேர்ந்துக்கினியா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். மொட்டைத் தலைக்கு எங்கள் ஊரில் வெட்கமில்லை. பாதி போனால் பரிதாபம், முழுக்கப் போனால் பக்தி. முதல் இரண்டு பேரிடம் சும்மா தலையாட்டினேன். மூன்றாவது ஆளிடம் "இல்ல, ஆஸ்பத்திரியில எடுத்தது" என்றேன். சொல்லிவிட்டு நடந்தபோது காற்று நேராகத் தலையில் பட்டது. பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் காற்று பட்ட ஞாபகம் எனக்கு இல்லை. கடற்கரைச் சாலையின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன்.

உச்சந்தலைப் புண் என் கண்ணுக்குத் தெரியாது. களிம்பை வேறு யாராவதுதான் போடவேண்டும். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, சவரி கை கழுவிவிட்டு வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். விரல் பட்டது. எஞ்சின் பிரித்துக் காய்த்துப்போன விரல், அத்தனை மெதுவாக நகர்ந்தது. அந்தக் கை என் தலையில் பட்டு ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டிருந்தது.

"எப்பிடி இருக்குது? பரவால்ல, சொல்லுங்க."

"வெதுவெதுன்னு இருக்குது."

"பாக்க எப்பிடி இருக்குதுன்னு கேட்டேன்."

"தெரியல. கண்ண மூடிக்கினு இருக்கேன்."

அப்போதுதான் அழுதேன். அவர் கையை எடுக்கவில்லை.

என்னைப் போல இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், டாக்டரைக் கேட்காமல் ஊசியைத் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்னொருவர் உருட்டிய ரோலரைத் தொடாதீர்கள். எண்ணெயை, உருட்டிய அன்றைக்கு மட்டுமாவது, அலமாரியிலேயே விடுங்கள். எனக்கு முடி வந்தது. மெல்லிசாக, கழுத்து வரைக்கும். உச்சியில் இரண்டு இடத்தில் தழும்பு விழுந்து, அங்கே வரவில்லை, இனி வராது என்கிறார்கள். முன்பெல்லாம் தினமும் கண்ணாடியில் அளந்துகொண்டிருந்தேன். இப்போது தோல் அதன் வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

களிம்பு டியூப் தீர்ந்து நெடுநாளாகிறது. டாக்டரும் நிறுத்தச் சொல்லிவிட்டார். சாயங்காலமானால் நான் நாற்காலியில் உட்காருகிறேன், சவரி கை கழுவிவிட்டு வந்து என் தலையில் கை வைக்கிறார். களிம்பு எங்கே என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.